இரண்டு சுபஹு கண்ட விமானம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாளில் ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு பொது அறிவுக் கேள்வியோடு தொடங்குவோம். பயணிகளை ஏற்றிக்கொண்டு, வழியில் எங்கும் இறங்காமல், உலகத்திலேயே மிகக் கூடுதலான நேரம் பறந்த ஒழுங்கான விமான சேவை எது?

இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் சிங்கப்பூர் – நியூயோர்க் என்பார்கள். 15,300 கிலோமீற்றருக்கு மேல், பதினெட்டு பத்தொன்பது மணித்தியாலம். தூரக் கணக்கில் அந்தப் பதில் நல்ல பதில்தான். நேரக் கணக்கில் அது பிழை. நேரத்தில் அதை முந்திய சேவை இற்றைக்கு எண்பது வருடங்களுக்கு முன் நடந்தது. அதன் ஒரு முனை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரம். மறுமுனை நமது நாட்டில், காலி மாவட்டத்தில் இருக்கும் கொக்கல களப்பு. நமது வாவியைப் போல உப்புநீரும் நன்னீரும் கலக்கும் ஒரு நீர்நிலை. தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். எடுத்த நேரம் 27 மணித்தியாலம் முதல் 32 மணித்தியாலத்துக்கு மேல் வரை.

இந்தக் கதையை ஏன் மட்டக்களப்பிலிருந்து ஒருவன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். கதை தொடங்கும் இடங்களில் ஒன்று நமது கடல்தான்.

*

1930களின் கடைசியில் இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு விமானத்தில் போக ஒன்பது பத்து நாள் ஆகும். தண்ணீரில் இறங்கி தண்ணீரில் எழும்பும் பெரிய பறக்கும் படகுகள் அந்த வழியில் ஓடின. பகலில் பறப்பார்கள், இரவில் தங்குவார்கள். கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று தாண்டித் தாண்டிப் போவது. சங்கிலி மாதிரி. ஒரு வளையம் அறுந்தால் முழுச் சங்கிலியும் போச்சு.

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதம் ஜாவாவும் ரங்கூனும் போயின. அந்தமான் தீவுகளும் போயின. பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலிருந்த ஆகாய வழி அத்தோடு அறுந்தது. வரைபடத்தில் இரண்டு நாடுகளுக்கும் இடையே இருந்த தூரம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. ஆனால் ஒரு கடிதம் போவதென்றால் கப்பலில் வாரக்கணக்காகக் கிடக்க வேண்டும்; இல்லையென்றால் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவைச் சுற்றிப் போக வேண்டும்.

இந்த நிலையில்தான் இலங்கை திடீரென்று உலகத்தின் நடுவுக்கு வந்தது. திருகோணமலைத் துறைமுகமும் கொழும்புத் துறைமுகமும் பிரித்தானியக் கடற்படையின் பெரிய நம்பிக்கையாகின. ஜப்பானியருக்கும் அது தெரியும்.

1942 ஏப்ரல் 4 அன்று கொக்கல களப்பிலிருந்து எழும்பிய கட்டலினா என்ற பறக்கும் படகொன்று, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படை வந்துகொண்டிருப்பதைக் கண்டது. அதை ஓட்டியவர் கனடா நாட்டு விமானப்படையின் லெனார்ட் பேர்ச்சால். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுடப்பட்டது. அவரும் உயிர்தப்பிய தோழர்களும் போர்க்கைதிகளானார்கள். ஆனால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது நகரம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலை தாக்கப்பட்டது. துறைமுகத்தை விட்டு முன்கூட்டியே தெற்கே அனுப்பப்பட்டிருந்த ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு நேரே கடலில் வைத்து ஜப்பானிய விமானங்கள் பிடித்தன. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்றைக்கு அதில் விமானமே இல்லை. நிமிடங்களில் அது மூழ்கியது. கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. ஹேர்மஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த விற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் அறுநூறு பேர் அளவில் தூக்கி எடுத்தது. இன்றைக்கும் அந்தக் கப்பல் நமது கரையிலிருந்து சில மைல் தூரத்தில் கடலடியில் கிடக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் சுழியோடிகளுக்கும் அது தெரிந்த இடம்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஹேர்மஸைக் காப்பாற்ற இரத்மலானையிலிருந்தும் போர் விமானங்கள் வந்தன. இரத்மலானைக்கும் மட்டக்களப்புக்கும் நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். மணிக்கு 400 கிலோமீற்றர் வரை ஓடக்கூடிய விமானங்களுக்கு அது முக்கால் மணித்தியாலம்கூடப் பிடிக்காத தூரம். ஆனால் அவை வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கியிருந்தது. விமானத்தின் வேகம் குறைந்ததால் இது நடக்கவில்லை. உதவி கேட்ட செய்தி உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, அதுதான் காரணம். பறக்கும் நேரம் வேறு, போய்ச் சேரும் நேரம் வேறு. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய இதுதான்.

*

இனி பேர்த்துக்கு வருவோம்.

அறுந்த சங்கிலியை எப்படி முடிவது? சிங்கப்பூரும் ஜாவாவும் இல்லாமல் இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டினால்தான் முடியும். அதற்கு முன் எந்த விமானக் கம்பனியும் பயணிகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் இறங்காமல் பறந்ததில்லை. அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் அதைப் பொறுப்பெடுத்தது. பிரித்தானிய அரசு ஐந்து கட்டலினா விமானங்களைக் கொடுத்தது. 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சேவை தொடங்கியது. அதன் முன்னோடி விமானிகளில் ஒருவர் கப்டன் ரசல் டப்.

பேர்த்தில் ஸ்வான் ஆற்றங்கரையில் நெட்லண்ட்ஸ் என்ற இடம் புறப்படும் நிலையம். இங்கே கொக்கல களப்பு இறங்கும் நிலையம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் களப்பு. இரண்டு முனையிலும் இந்தச் சேவைக்குக் கொங்கிறீட் ஓடுபாதை தேவைப்படவில்லை.

ஏன் தண்ணீர்? அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய விமானம் எழும்புவதற்கு மிக நீண்ட ஓட்டம் வேண்டும். அவ்வளவு நீளமான ஓடுபாதை அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் கிடையாது. களப்பில் தண்ணீர் இருக்கிறது, கடலலை இல்லை. இந்த வசதியால்தான் சீனன்குடாவிலும், சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியிலும் பிரித்தானிய விமானப்படை பறக்கும் படகுகளை வைத்திருந்தது. நாம் இறால் பிடிக்கும் இடமாகப் பார்க்கும் நீர்நிலையை அவர்கள் விமான நிலையமாகப் பார்த்தார்கள்.

கட்டலினாவின் சாதாரண வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். இன்றைக்கு அதிவேகப் பாதையில் ஓடும் காரைவிட இரண்டு மடங்கு, அவ்வளவே. 5,650 ஐ 200 ஆல் வகுத்தால் 28 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. ஆனால் ஆகாயத்தில் காற்று இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் முன்னாலிருந்து காற்று வீசினால் அதே தூரத்துக்கு 31 மணித்தியாலத்துக்கு மேல். பின்னாலிருந்து வீசினால் 26 மணித்தியாலத்துக்கும் குறைவு. மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் எடுத்தது என்று பதிவாகியிருப்பதற்குப் பின்னால் இந்தக் காற்றுக் கணக்கும் இருக்கிறது.

மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். கொழும்பிலிருந்து தோஹாவுக்குப் போகும் நேரத்தைவிட அங்கிருந்து வரும் நேரம் வழமையாகக் கொஞ்சம் குறைவு. ஊருக்கு வரும் சந்தோசத்தில் நேரம் போவது தெரியவில்லை என்று சொல்வோம். உண்மையில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது.

எரிபொருள் கணக்கு இன்னும் வியப்பானது. விமானத்தில் சுமார் 9,000 லீற்றர் பெற்றோல் நிரப்புவார்கள். அதன் நிறை மட்டும் ஆறரைத் தொன் வரும். எழும்பும்போது விமானத்தின் மொத்த நிறை 16 தொன் அளவு. பாரத்தைக் குறைக்க உள்ளே இருந்த குளிர் தடுப்புகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். இவ்வளவு செய்தும் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். முக்கிய அதிகாரிகள், படைத்துறையினர், அரசாங்கக் கடிதங்கள். சாதாரண ஆளுக்கு அதில் இடமில்லை.

புறப்பட்டுப் பல மணித்தியாலங்களுக்கு விமானம் அவ்வளவு பாரம். இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோனால் மற்றையதால் மட்டும் தாங்க முடியாது. கீழே வெறும் கடல். உதவி கேட்கவும் முடியாது, ஏனென்றால் வானொலியைத் திறந்தால் ஜப்பானியர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து விடுவார்கள். வாயை மூடிக்கொண்டு பறக்க வேண்டும். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் தாண்டும்படி புறப்படும் நேரத்தை அமைத்தார்கள். அதனால் புறப்பட்ட நாள் விடியலும் மறுநாள் விடியலும் ஒரே பயணத்துக்குள் வந்தன. பயணிகளுக்கு "இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசிய அணி" என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சேவைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

நமது பாசையில் சொன்னால், ஒரே இருக்கையில் இருந்தபடி இரண்டு சுபஹு.

வானொலியும் இல்லை, கீழே அடையாளம் பார்க்கக் கரையும் இல்லை என்றால் வழி எப்படித் தெரியும்? நட்சத்திரங்களைப் பார்த்துத்தான். அதனால்தான் ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள்: அல்டயர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா. இதில் முதல் மூன்றும் அரபுச் சொற்களிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனவை. அல்டயர் என்றால் பறப்பது, ரைஜல் என்றால் கால். அரபு வானியல் நூல்கள் இலத்தீன் மொழிக்குப் போன காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். தமிழிலும் இவற்றுக்குப் பெயர் உண்டு. ஸ்பைகாதான் நமது சித்திரை நட்சத்திரம். அன்டாரெஸ் கேட்டை. அல்டயர் திருவோணம். ஒரு அவுஸ்திரேலிய விமானி கொக்கலக்கு வழி தேடி அண்ணாந்து பார்த்த அதே புள்ளிகளை அரபு மாலுமியும் பார்த்திருக்கிறான், கிழக்குக் கரை மீனவனும் பார்த்திருக்கிறான். ஆளுக்கொரு பெயர், வானம் ஒன்று.

1945 ஜூலை வரை இந்தச் சேவை நடந்தது. மொத்தம் 271 தடவை சமுத்திரத்தைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டிய கணக்கு. சில மாதங்களிலேயே வழி கராச்சி வரை நீண்டு, அங்கிருந்து இலண்டன் சேவையோடு இணைந்தது. சங்கிலி மறுபடி பொருந்தியது.

1944 இல் லிபரேட்டர் என்ற நான்கு இயந்திர விமானங்களும் இதே சமுத்திரத்தைத் தாண்டத் தொடங்கின. அவை அவுஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நேராக இரத்மலானைக்கு வந்தன. சமுத்திரத்தைத் தாண்டும் நேரம் பதினேழு மணித்தியாலம் அளவுக்கு இறங்கியது. போர் முடிந்ததும் கட்டலினாக்களுக்கு வேலையில்லை. அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற பொருளைப் போருக்குப் பின் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற உடன்பாடு இருந்தது. எனவே அவற்றைக் கடலில் மூழ்கடித்தார்கள். இரண்டு வருடம் ஒரு சமுத்திரத்தையே வென்ற விமானங்கள் கடைசியில் கடலுக்குள் போயின.

*

விமானப் பிரியர்கள் எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். நாம் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். கொக்கல களப்பைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள் அல்லவா?

போர்க்காலத்தில் விமானத்தளம் அமைக்கக் கொக்கலப் பகுதியின் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. வீடு வளவுகளை விட்டு சனம் அவசரமாக வெளியேற வேண்டியிருந்தது. வீடுகள் உடைக்கப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அதுதான். அவரது பூர்வீக வீடு உடைபடாமல் தப்பியது. இன்று அந்த வளவில் அவர் பெயரில் நாட்டார் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றுலா போகும் பாடசாலைகள் அதைப் பார்க்கின்றன. அந்த ஒரு வீடு ஏன் தனியாக நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமது கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோர் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. திறப்பை எடுத்துக்கொண்டு போனவர்கள், திரும்பி வந்தபோது கதவே இல்லாமல் போனவர்கள். கொக்கல மக்களின் கதையும் அந்த வரிசையில் வருவதுதான். பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையில் நாட்கள் மிச்சமாயின. அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தவர்களில் காலி மாவட்டத்தின் கிராமத்தவர்களும் இருக்கிறார்கள். விமானத்தில் ஏறிய மூன்று பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது. இவர்களுக்கு எந்த அணியிலும் இடம் கிடைக்கவில்லை.

வடக்கில் பலாலியும் இதே போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம்தான். பிற்காலத்தில் நமது நாட்டு யுத்தத்தில் அதைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்து, 1990 முதல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரிழந்து இருந்தார்கள். காணிகள் கட்டம் கட்டமாகத்தான் திரும்பின. ஓடுபாதை என்றால் நமக்கு விமானம் ஞாபகம் வரும். அதன் கீழே யாருடைய வளவு இருந்தது என்பதும் ஞாபகம் வர வேண்டும்.

*

பலாலியைப் பற்றிப் பேசியதால் இன்னொரு கணக்கையும் பார்ப்போம். தூரமும் நேரமும் எவ்வளவு வேறு வேறு என்பதற்கு இலங்கையில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. டகோட்டா ரக விமானம். சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். நமது நாட்டு விமான சேவையின் முதல் அடியே வடக்கின் ஊடாகத்தான் வைக்கப்பட்டது.

பலாலிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீற்றர். டகோட்டாவுக்கே அது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்கும் தூரம். பிறகு அந்தச் சேவை நின்றது, யுத்தம் வந்தது. யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போவதென்றால் தெற்கே கட்டுநாயக்க வரை 400 கிலோமீற்றர் அளவு வர வேண்டும். பிறகு அங்கிருந்து வடக்கே 650 கிலோமீற்றர் பறக்க வேண்டும். 360 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஊருக்கு ஆயிரம் கிலோமீற்றர் பயணம். பாதை மூடியிருந்த காலங்களில் அதுவும் நடக்காது.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை வந்தது. கொரோனாவோடு நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியது. இத்தனை வருடத்தில் யாழ்ப்பாணமும் நகரவில்லை, சென்னையும் நகரவில்லை. நேரம் மட்டும் ஒன்றரை மணித்தியாலத்திலிருந்து நாட்கணக்காகி, மறுபடி ஒன்றரை மணித்தியாலமானது. அதை மாற்றியது பூமி சாஸ்திரம் அல்ல. அனுமதி, யுத்தம், காசு, அரசியல்.

நமது கதையும் இதுதான். திமிலைதீவில், வாவி சூழ்ந்த நிலத்தில், 1958 இல் மட்டக்களப்பு விமான நிலையம் திறக்கப்பட்டது. எயார் சிலோன் விமானம் இங்கே வந்து போன காலத்தைக் கண்டவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 1970களின் இறுதியில் எயார் சிலோன் மூடப்பட்டது. 1983 மார்ச்சில் விமானப்படை நிலையத்தைப் பொறுப்பெடுத்தது. பிறகு யுத்தம். ரயில் சில காலம் வராமலே போனது. பஸ்ஸில் கொழும்புக்குப் போவதென்றால் சோதனைச் சாவடிகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் பொதியோடு இறங்கி, நடந்து, மறுபடி ஏறிய அந்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால் யாராலும் ஒரு எண் சொல்ல முடியாது. "அல்லாஹ் நாடினால் நாளைக்குப் போய்ச் சேரலாம்" என்பதுதான் பதில்.

2018 மார்ச்சில் நிலையம் மறுபடி பொதுமக்கள் விமானங்களுக்குத் திறந்தது. சிறிய விமானத்தில் இரத்மலானைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள். தரைவழியே 300 கிலோமீற்றருக்கு மேல், பஸ்ஸில் ஏழு எட்டு மணித்தியாலம். ஆனால் சிறிய விமானத்தின் கட்டணத்தைச் சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்காது. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு அந்த ஓடுபாதை வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கும் பொருள்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ ஓட்டமாவடியிலிருந்தோ கட்டாருக்குப் போகும் ஒருவரை எடுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து தோஹாவுக்கு 3,600 கிலோமீற்றர் அளவு. ஐந்து மணித்தியாலத்தில் போய்விடுவார். ஊரிலிருந்து கட்டுநாயக்க வரை அதில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை. ஆனால் வான் பிடித்து, இரவில் புறப்பட்டு, வழியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, போய்ச் சேர அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கிறது. உம்ராவுக்குப் போகும் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆகாயப் பயணத்தில் களைத்ததாகச் சொல்ல மாட்டார்கள். வான் பயணத்தில் இடுப்பு முறிந்ததைத்தான் சொல்வார்கள். கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோகப்படும் நோயாளிக்கு இந்த மணித்தியாலங்கள் களைப்பு மட்டுமல்ல, உயிர்.

*

நமது மார்க்கச் சட்ட நூல்களில் இந்தத் தூரம், நேரம் பற்றிய விசயத்தை அறிஞர்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள். பிரயாணி தொழுகையைச் சுருக்கித் தொழ ஷாபிஈ மத்ஹபில் சொல்லப்படும் அளவு இரண்டு மர்ஹலா. ஒட்டகத்தில் இரண்டு நாள் பயணம். இன்றைய கணக்கில் 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட என்று சொல்வார்கள். ஒட்டகத்தில் இரண்டு நாள் போகும் தூரத்தைக் கடலில் காற்று சாதகமாக அடித்து ஒரு மணி நேரத்தில் தாண்டிவிட்டால் என்ன சட்டம்? 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி தமது மின்ஹாஜ் நூலில் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். கடலும் தரையைப் போலத்தான். அந்த மைல்களை ஒரு மணி நேரத்தில் தாண்டினாலும் அவர் சுருக்கித் தொழலாம் என்பது அதன் கருத்து.

விமானம் வர ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதி, விமானத்துக்கும் பொருந்துகிறது. சட்டத்துக்கு நிலையான ஓர் அளவு வேண்டும். தூரம் நிலையானது, அதனால் சட்டம் தூரத்தில் நின்றது. நேரத்தை நம்பினால் ஒட்டகக்காரருக்கு ஒரு சட்டம், கப்பல்காரருக்கு ஒரு சட்டம், காசுக்காரருக்கு ஒரு சட்டம் என்று ஆகிவிடும். தூரம் எல்லோருக்கும் ஒன்று. நேரம் ஆளுக்கு ஆள் வேறு.

நாட்டு நிர்வாகத்துக்கு இதிலிருந்து எடுக்க ஒரு பாடம் உண்டு என்று நினைக்கிறேன். மட்டக்களப்பு கொழும்பிலிருந்து இத்தனை கிலோமீற்றர் என்று கோவையில் எழுதுவது லேசு. அந்தக் கிலோமீற்றரை ஒரு ஏழை எத்தனை மணித்தியாலத்தில் கடக்கிறான் என்பதுதான் ஓர் ஊர் உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும்.

*

பேர்த்தின் இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 24 அன்று குவாண்டாஸ் விமானம் ஒன்று பேர்த்திலிருந்து புறப்பட்டு எங்கும் இறங்காமல் மறுநாள் இலண்டனில் இறங்கியது. 14,498 கிலோமீற்றர், பதினேழு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மட்டக்களப்பில் அதே மார்ச் 25 அளவில்தான் நமது சிறிய விமான நிலையம் பொதுமக்களுக்குத் திறந்தது என்பது தற்செயல். கட்டலினா 28 மணித்தியாலத்தில் பேர்த்திலிருந்து கொக்கலக்குத்தான் வந்தது. இன்றைய விமானம் அதைவிடக் குறைந்த நேரத்தில் இரண்டரை மடங்கு தூரம் போய்விடுகிறது. மூன்று பேருக்குப் பதிலாக இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு.

அடுத்ததாக சிட்னியிலிருந்து இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் நேராகப் பறக்கும் திட்டத்தை அந்த நிறுவனம் வைத்திருக்கிறது. இருபது மணித்தியாலம் அளவு பறக்க வேண்டும். 2022 இல் அதற்கென்றே 12 விமானங்களுக்கு ஓடர் கொடுத்தார்கள். திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? "சூரிய உதயம்". கொக்கலக்கு வந்த அந்த இரட்டைச் சூரிய உதயத்தின் ஞாபகார்த்தமாக வைத்த பெயர். அவுஸ்திரேலியர்கள் அந்தக் கதையை மறக்கவில்லை. அந்தக் கதையின் மறுமுனை நமது நாட்டில் இருக்கிறது. நமது வகுப்பறைகளில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசியிருப்போம்?

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வரும்போது ஐரோப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளிடம் ஓர் உலக வரைபடம், ஒரு நூல், ஓர் அடிமட்டம் கொடுங்கள். பேர்த்துக்கும் கொக்கலக்கும் இடையில் நூலைப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். முடியுமென்றால் வரைபடத்திலும் உலக உருண்டையிலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஏன் வித்தியாசப்படுகிறது என்பது இன்னொரு பாடம். தூரத்தை வேகத்தால் வகுக்கட்டும், காற்றைக் கூட்டிக் கழிக்கட்டும். கணக்கும் புவியியலும் வரலாறும் ஒரே பாடவேளையில் வரும். கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வழியில் போனது யார், வழிக்காக வீட்டை விட்டுப் போனது யார்?

இதை வாசிக்கும் மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். திமிலைதீவில் எயார் சிலோன் விமானம் ஏறியவர்கள், அதை வழியனுப்பப் போனவர்கள், 1942 ஏப்ரலில் கடலில் கேட்ட குண்டுச் சத்தத்தைத் தங்கள் வாப்பா உம்மா சொல்லக் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையின் ஃபோனில் குரலைப் பதிந்து வையுங்கள். எந்த வருடம், எந்த இடம், டிக்கட் எவ்வளவு, எத்தனை மணிக்கு எழும்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்ற சின்ன விவரங்கள்தான் வேண்டும். கொக்கலயின் கதை நமக்குக் கிடைத்தது அப்படிச் சிலர் குறித்து வைத்ததால்தான்.